கிருமி இதயத்துக்குப் போகவில்லை என்றால் பம்பிங் ஏன் குறைந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறி, பிபி இறங்கி, ஐசியுவில் சேர்த்திருக்கிறீர்கள். மூன்றாம் நாள் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பார்த்துவிட்டு இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இதற்கு முன் இதயக் கோளாறு எதுவும் கிடையாது. ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, வால்வில் கிருமி உட்காரவும் இல்லை என்கிறார்கள். "உடம்பின் எதிர்ப்பு சக்தி அனுப்பும் சிக்னல்தான் இதயத்தைத் தளர்த்தியிருக்கிறது" என்றாராம் டாக்டர். காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பு சக்தி எப்படி இதயத்தைத் தளர்த்தும், அப்படியானால் அந்தச் சிக்னலை மருந்தால் நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் அதற்குள் இருக்கிறது: அந்த இதயம் பழையபடி ஆகுமா?

நான் பல வருடங்களாக ஐசியுவில் வேலை பார்க்கிறவன். படுக்கையருகே எக்கோ கருவியை உருட்டிக்கொண்டு போய் இப்படிப்பட்ட இதயங்களைப் பார்ப்பது அன்றாட வேலை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் செல்களை வைத்து வேலை செய்தவன் அல்ல. அந்தப் பகுதியெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். உங்கள் அப்பாவின் எக்கோவையோ ரத்த ரிப்போர்ட்டையோ நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாக என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும், அவருக்கு இதுதான் என்று சொல்ல முடியாது.

முதலில் செப்சிஸ் என்ற சொல். ரத்தத்தில் கிருமி இருப்பதுதான் செப்சிஸ் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-இல் திருத்தப்பட்ட வரையறை வேறு மாதிரி சொல்கிறது: தொற்றுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுப்பாடு இழந்து, அதனால் உறுப்புகள் கெட்டு, உயிருக்கே ஆபத்தான நிலை. அதாவது கிருமி ஆரம்பித்து வைக்கிறது. உறுப்புகளைக் கெடுப்பதில் பெரும்பங்கு நம் உடம்பின் எதிர்வினையுடையது. சிறுநீரகம், நுரையீரல், மூளை, ஈரல் எல்லாமே இதில் அடிபடும். இதயமும் அப்படி அடிபடும் உறுப்புகளில் ஒன்று. ஆனால் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் அனுப்புவதும் அதுவே என்பதால் அதன் தளர்ச்சி தனியாகப் பயமுறுத்துகிறது.

சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் இருப்பது ஈ.கோலை. அதன் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. நம் வெள்ளணுக்களின் மேல் இருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் தகவலைப் பிடிக்கும் புரதம்) அதை அடையாளம் கண்டுகொள்கிறது. எண்டோடாக்சின் கொடுத்தாலும் அசராத ஒரு வகை எலியை வைத்து ப்ரூஸ் பாய்ட்லரின் குழு 1998-இல் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தது. அந்த எலிகளில் அதன் மரபணு பழுதாகியிருந்தது. 2011 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்த ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் ஒரு சங்கிலி ஓடி, என்எஃப் கப்பா பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்களைத் தயாரிக்கும் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் தகவல் புரதம். டாக்டர் சொன்ன "சிக்னல்" இதுதான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், டிஎல்ஆர்4 வெள்ளணுக்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. இதயத் தசை செல்களிலும் இருக்கிறது. டிஎன்எஃப், ஐஎல்-1 ஆகியவற்றுக்கான ஏற்பிகளும் அங்கே இருக்கின்றன. இதயம் சண்டை நடக்கும் இடத்திலிருந்து தூரத்தில் இருக்கும் வழிப்போக்கன் மாதிரி தோன்றினாலும், சண்டையின் எல்லாத் தகவலும் அதன் காதில் விழுகிறது. விழுவதோடு நிற்காமல் அந்தச் செல்லே கொஞ்சம் டிஎன்எஃப் தயாரித்தும் விடுகிறது.

சரி, இது உண்மையில் மனிதர்களிடம் நடக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ரொம்ப நாள் வரை மருத்துவர்கள், பிபி இறங்குவதால் இதயத்துக்கே ரத்தம் போதாமல் அது தளர்கிறது என்று நினைத்திருந்தார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. 1984-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்கரெட் பார்க்கரும் ஜோசப் பரில்லோவும் அவர்கள் குழுவினரும் செப்டிக் ஷாக்கில், அதாவது செப்சிஸ் முற்றி பிபி தானாக நிற்காத நிலையில், இருந்த 20 பேரின் இதயத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். பாதிப் பேருக்கு பம்பிங் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது, இதய அறை விரிந்தும் இருந்தது. பிழைத்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து நாட்களுக்குள் எல்லாம் பழையபடி திரும்பியது. அடுத்து 1986-இல், இதயத்துக்குப் போகும் ரத்தத்தையே குழாய் வைத்து அளந்தபோது அது குறையவில்லை. சிலரிடம் கூடுதலாகவும் இருந்தது. பட்டினிக் கதை அதோடு அடிபட்டுப் போனது.

இதற்கு நடுவில், 1985-இல், அதே குழு வேறொன்றும் செய்திருந்தது. பிறந்த எலிக்குட்டியின் இதய செல்களை ஒரு தட்டில் வளர்த்தால் அவை தாமாகவே துடித்துக்கொண்டிருக்கும். பம்பிங் குறைந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுத்து அந்தச் செல்கள் மேல் விட்டார்கள். துடிப்பின் வலு குறைந்தது. அதே நோயாளிகள் தேறியபிறகு எடுத்த சீரம் அப்படிச் செய்யவில்லை. ஆக, ரத்தத்தில் ஏதோ ஒன்று ஓடுகிறது. அது என்ன என்பதை 1996-இல் ஆனந்த் குமாரும் அதே குழுவினரும் ஓரளவு பிடித்தார்கள்: சீரத்திலிருந்து டிஎன்எஃபையும் ஐஎல்-1 பீட்டாவையும் நீக்கியபோது அந்தத் தளர்த்தும் குணம் போய்விட்டது.

உங்கள் கேள்விக்கு மிக நேரான பதில் 1989-இல் வந்த இன்னொரு ஆய்வில் இருக்கிறது. நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவு எண்டோடாக்சினை ஊசியில் கொடுத்தார்கள். கிருமி கிடையாது, அதன் சுவரின் துணுக்கு மட்டும். சில மணி நேரத்தில் காய்ச்சல், வேகமான நாடி, கூடவே இதயத்தின் சுருங்கும் வலுவும் குறைந்தது. கிருமி இதயத்தைத் தொடாமலேயே இதயம் தளரும் என்பது இதனால் ஊகமாக இல்லாமல் அளந்து பார்த்த உண்மையாக ஆகிவிட்டது.

இனி, அந்தத் தகவல் புரதம் இதயச் செல்லுக்குள் போய் என்னதான் செய்கிறது? இதயத் துடிப்பு என்பது கால்சியத்தின் வரவுசெலவு. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழைகிறது; அந்தக் கொஞ்சம், செல்லுக்குள் இருக்கும் கிடங்கைத் தட்டி நிறைய கால்சியத்தை வெளியே வரவைக்கிறது; அது ட்ரோபோனின் என்ற புரதத்தோடு ஒட்டும்போது தசை இழைகள் இழுத்துக்கொள்கின்றன. பிறகு கால்சியம் கிடங்குக்கே திரும்பப் போகிறது, தசை தளர்கிறது. செப்சிஸில் இந்த வரவுசெலவின் ஒவ்வொரு படியிலும் யாரோ கை வைக்கிறார்கள். டிஎன்எஃப் பட்ட சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் ஸ்ஃபிங்கோசின் என்ற கொழுப்புப் பொருள் கூடி, கால்சியம் வந்துபோவதைக் குலைக்கிறது. இது வேகமான கட்டம். சில மணி நேரம் கழித்து மெதுவான கட்டம் வருகிறது. சைட்டோகைன்கள் ஒரு நொதியைத் தயாரிக்க வைக்கின்றன. அது நைட்ரிக் ஆக்சைடை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சாதாரண நாளில் நல்ல பொருள், ரத்தக்குழாயை இலகுவாக வைத்திருப்பதே அதுதான். அளவு மீறும்போது, கால்சியம் வந்தாலும் தசை இழைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாதபடி ஆக்கிவிடுகிறது. கால்சியம் இருக்கிறது, வேலை நடப்பதில்லை. சைட்டோகைன்களின் இந்த விளைவு நைட்ரிக் ஆக்சைடு வழியாக நடக்கிறது என்று விலங்குகளின் இதயத் தசையில் 1992-லேயே காட்டிவிட்டார்கள்.

அதோடு நிற்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு, சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் ஆகிறது. அது கொஞ்சம் முரட்டுப் பொருள். சுருங்கும் புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியாவையும் நேராகத் தாக்குகிறது. இன்னொரு பக்கம், உடம்பு தன் அட்ரினலினையும், நாங்கள் பிபியை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினையும் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருப்பதால், அவற்றின் தகவலைப் பிடிக்க இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பிகள் மரத்துப்போகின்றன. அவற்றின் எண்ணிக்கை குறைகிறது, இருப்பவையும் செல்லுக்குள் தகவலைச் சரியாகக் கடத்துவதில்லை. இதயத்துக்கு வலு கூட்டும் டோபுடமின் என்ற மருந்தை ஆரம்பித்தும் சிலருக்கு எதிர்பார்த்த வலு வராததற்கு இது ஒரு காரணம். டோஸை ஏற்றிக்கொண்டே போனால் நாடிதான் ஏறும், பம்பிங் ஏறாது. அந்தக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருவோம், எனக்கு ஆர்வம் அதிகம் உள்ள இடம். செல்லின் மின்நிலையம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். செப்சிஸில் ஆக்சிஜன் செல் வரைக்கும் வந்துசேர்ந்தாலும் அதைப் பயன்படுத்தும் திறன் குறைந்துபோகிறது. செப்சிஸில் இறந்தவர்களின் இதயங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 2013-இல் ஒரு குழு வெளியிட்ட ஆய்வு என்னை யோசிக்கவைத்தது. பம்பிங் அவ்வளவு கெட்டிருந்தும் செத்துப்போன இதயச் செல்கள் மிகச் சிலவே. மைட்டோகாண்ட்ரியாவில் சில மாற்றங்கள் தெரிந்தன, அவ்வளவுதான். மாரடைப்பில் ஒரு பகுதித் தசையே மடிந்து தழும்பாகிவிடும். இங்கே அப்படி இல்லை. தசை இருக்கிறது, வேலையை நிறுத்திவைத்திருக்கிறது. பத்து நாளில் இதயம் எழுந்து உட்காருவதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. செத்த செல்கள் அப்படித் திரும்பி வருவதில்லை.

இங்கிருந்துதான் ஒரு கருத்து முளைத்தது: இதயம் கெடவில்லை, ஒருவகை உறக்கத்துக்குப் போகிறது, எரிபொருளைப் பயன்படுத்த முடியாத காலத்தில் செலவைக் குறைத்து உயிரை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்று. அப்படியானால் பம்பிங் குறைவது நோயா, தற்காப்பா? பார்க்கரின் 1984 ஆய்வில் பிழைத்தவர்களுக்குத்தான் பம்பிங் குறைந்தும் அறை விரிந்தும் இருந்தது, இறந்தவர்களுக்குப் பம்பிங் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது என்பது இந்தக் கருத்துக்குத் தோதாக இருந்தது. ஆனால் 20 பேரை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்? பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பம்பிங் சதவீதத்துக்கும் இறப்புக்கும் தெளிவான தொடர்பு எந்தப் பக்கமும் கிடைக்கவில்லை. எனக்கு உறக்கக் கருத்தில் பாதி நம்பிக்கை உண்டு. நிரூபணமானது என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

டிஎன்எஃபும் ஐஎல்-1உம் மட்டும்தான் குற்றவாளிகள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ் செப்சிஸில், குழந்தைகளிடம், ஐஎல்-6தான் முக்கியம் என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதங்களின் கூட்டமான காம்ப்ளிமென்ட் அமைப்பின் சி5ஏ, செத்த வெள்ளணுக்களிலிருந்து சிந்தும் ஹிஸ்டோன்கள் (டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் புரதங்கள்) என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றுக்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளிலிருந்து வந்தது. இதயத்துக்குள்ளேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ்களை (விழுங்கும் எதிர்ப்பு செல்களை) பற்றி அண்மைக்காலமாக நிறையப் பேசுகிறார்கள். அவற்றில் ஒரு ரகம் தசை செல்கள் வெளியே தள்ளும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை விழுங்கிச் சுத்தம் செய்வதாக எலிகளில் தெரிகிறது. அதே எதிர்ப்பு சக்தியின் ஒரு கை உடைக்கிறது, இன்னொரு கை ஒட்டவைக்கிறது.

அதுதான் உங்கள் அடுத்த கேள்விக்கும் விடை: சிக்னலை நிறுத்தினால் என்ன? முயன்று பார்க்காமல் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக முயன்று, அடிபட்டு வந்திருக்கிறார்கள். டிஎன்எஃபைப் பிடித்து வைக்கும் ஒரு மருந்தை 141 பேரிடம் சோதித்து 1996-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து பெறாதவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். அதிக டோஸ் பெற்றவர்களில் 53 சதவீதம். டிஎல்ஆர்4-ஐயே அடைக்கும் எரிடோரான் என்ற மருந்தை ஏறக்குறைய 2000 பேரிடம் சோதித்தார்கள், 2013-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. இவற்றையெல்லாம் விட என்னைப் பாதித்தது நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்தின் கதை. 797 பேர். மருந்து பெற்றவர்களுக்கு பிபி அழகாக ஏறியது. மானிட்டரைப் பார்த்தால் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் 28 நாட்களில் அவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 49 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எண்ணில் பிபி ஏறுவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல என்று புதிதாக வரும் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இன்றும் இந்த ஆய்வைத்தான் எடுப்பேன்.

ஏன் இப்படி ஆனது? ஒரு காரணம் நேரம். எலிக்கு எண்டோடாக்சின் கொடுப்பதற்கு முன்போ உடனேயோ மருந்தைக் கொடுக்க முடியும். மனிதர் ஐசியு வாசலுக்கு வரும்போது டிஎன்எஃபின் முதல் அலை வந்து போயே இருக்கும். மெதுவான கட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் அதே தகவல் போய்ச் சேர்கிறது. மூன்றாவது காரணத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: இந்தச் சிக்னல்கள் இல்லாமல் கிருமியை ஒழிக்க முடியாது. முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்குக் காசநோய் கிளம்பிவிடுமோ என்று முன்கூட்டியே சோதிப்பது இதனால்தான். நைட்ரிக் ஆக்சைடு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதைத் தடுத்தால் விரிந்திருந்த ரத்தக்குழாய்கள் எல்லாம் இறுகிக்கொள்கின்றன. ஏற்கனவே தளர்ந்த இதயம் அந்த இறுக்கத்துக்கு எதிராக ரத்தத்தைத் தள்ள வேண்டிவருகிறது.

ஸ்டீராய்டு கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். ஆமாம், பிபி மருந்து தொடர்ந்து தேவைப்படும் செப்டிக் ஷாக்கில் ஹைட்ரோகார்ட்டிசோன் சிறிய அளவில் கொடுப்பது வழக்கம்தான். 2018-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் ஷாக்கிலிருந்து வெளியே வருவது சீக்கிரமானது. இறப்பு குறைந்ததாக ஒன்று சொன்னது, மற்றது சொல்லவில்லை. இதயத்தை எழுப்புவதற்கென்று அதைக் கொடுப்பதில்லை.

அப்புறம் அந்த 30 என்ற எண்ணைப் பற்றி. வீட்டார் அதைப் பரீட்சை மார்க் மாதிரி பிடித்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன், நேற்று 30, இன்று 35, தேறுகிறது என்று. பம்பிங் சதவீதம் இதயத்தின் வலுவை மட்டும் காட்டும் அளவு அல்ல. அது எதற்கு எதிராகத் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. செப்சிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்திருக்கும்போது எதிர்ப்பு குறைவு, அதனால் வலுவில்லாத இதயமும் சுலபமாகக் காலியாகி 60 சதவீதம் காட்டும். நார்அட்ரினலின் ஆரம்பித்துக் குழாய்கள் இறுகியதும் அதே இதயம் 40 காட்டும். காலையில் நன்றாக இருந்த எக்கோ மாலையில் கெட்டுவிட்டது, மாரடைப்பு வந்துவிட்டதா என்று இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் பதறி என்னைக் கூப்பிட்டது உண்டு. மாரடைப்பெல்லாம் இல்லை. திரை விலகியதும் உள்ளே இருந்தது தெரிந்தது, அவ்வளவுதான். மறுபக்கம், 70-க்கு மேல் துள்ளிக் குதிக்கும் பம்பிங்கும் நல்ல செய்தி அல்ல. குழாய்கள் அளவுக்கு மீறித் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். செப்சிஸில் எத்தனை பேருக்கு இதயம் தளர்கிறது என்று தேடினால் 10 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரைக்கும் எண்கள் கிடைப்பதற்குக் காரணமும் இதுதான். எப்போது, எப்படி அளந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது; எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறையும் இல்லை. துடிப்புகளுக்கு நடுவே இதயம் இளகி ரத்தம் நிரம்புவதில் வரும் கோளாறு, வலதுபக்க அறையின் தளர்ச்சி ஆகியவற்றை இந்தச் சதவீதம் காட்டுவதே இல்லை. ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறியிருப்பதாகச் சொல்லியிருந்தால் அதுவும் செப்சிஸில் சகஜம். மாரடைப்பு என்று உடனே அர்த்தம் இல்லை, ஆனால் மாரடைப்பு இல்லை என்று ஈசிஜி உள்பட எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

இப்போது ஐசியுவில் என்ன செய்வார்கள்? இதயத்துக்கென்று தனி மந்திரம் இல்லை. ஆன்டிபயாடிக்கும், தொற்றின் ஊற்றுக்கண்ணை அடைப்பதும்தான் முதல் வேலை. சிறுநீர்த் தொற்றில் கல்லோ வீங்கிய ப்ராஸ்டேட்டோ வழியை மறித்துச் சிறுநீர் தேங்கியிருந்தால் அதை வடிக்காமல் எந்த மருந்தும் எடுபடாது. ஸ்கேனில் அப்படி ஏதாவது இருந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். சராசரி பிபி 65-க்கு மேல் நிற்க நார்அட்ரினலின். சலைன் அளவாக, ஏனென்றால் தளர்ந்த இதயம் அதிகத் திரவத்தைத் தாங்காது, அது நுரையீரலில் போய்த் தேங்கும். இவ்வளவு செய்தும் சிறுநீர் வரவில்லை, லாக்டேட் (செல்கள் திண்டாடும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) இறங்கவில்லை, கைகால் சில்லென்று இருக்கிறது, எக்கோவும் மோசம் என்றால்தான் டோபுடமினைச் சேர்ப்போம், அல்லது அட்ரினலினுக்கு மாறுவோம். எக்கோவில் 30 என்று இருந்தும் மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் நான் தொட மாட்டேன். வீட்டார் இதைக் கேட்டு, 30 இருக்கிறதே, ஒன்றும் கொடுக்க மாட்டீர்களா என்று கோபப்பட்டிருக்கிறார்கள். எண்ணுக்கு மருந்து கொடுத்து நாடியை 140-க்கு ஏற்றிவிடுவதில் என்ன லாபம்?

லெவோசிமெண்டன் என்ற மருந்து தசை இழைகளைக் கால்சியத்துக்கு மறுபடி கூர்மையாக்குகிறது. மேலே சொன்ன கோளாறுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி தோன்றும். 2016-இல் 516 பேரிடம் நடந்த சோதனையில் பலன் கிடைக்கவில்லை, இதயத் துடிப்புக் கோளாறுகள்தான் கூடின. அட்ரினலின் வெள்ளத்திலிருந்து இதயத்தைக் காக்க பீட்டா தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த கதையும் இப்படித்தான். 2013-இல் ஒரே மருத்துவமனையில் 154 பேரிடம் எஸ்மலால் சோதித்தபோது 28 நாட்களில் இறப்பு 80 சதவீதத்திலிருந்து 49 ஆகக் குறைந்ததாக வந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம், ஆனால் மருந்து பெறாதவர்களில் 80 சதவீதம் இறந்தது எப்படி என்று உறுத்தியது. 2023-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த லாண்டியலாலை 126 பேரிடம் சோதித்து, தீங்கு தெரிகிறதோ என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து பெற்றவர்களில் 37 சதவீதமும் மற்றவர்களில் 25 சதவீதமும் இறந்திருந்தார்கள். கூகுளில் தேடினால் 2013 ஆய்வு முதலில் வரும், அதை மட்டும் படித்துவிட்டு டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, எழுதாமல் விட்ட கேள்வி. செப்சிஸிலிருந்து பிழைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதயத்தின் பம்பிங் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்புகிறது. அவர் பிழைப்பாரா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த 30 அல்ல. தொற்று அடங்குகிறதா, எத்தனை உறுப்புகள் சேர்ந்து கெட்டிருக்கின்றன, லாக்டேட் இறங்குகிறதா என்பவைதான். தினமும் டாக்டரிடம் கேட்க வேண்டியது பம்பிங் எவ்வளவு என்பதல்ல, நார்அட்ரினலின் டோஸ் நேற்றைவிடக் குறைந்ததா, சிறுநீர் எவ்வளவு வந்தது என்பதுதான். சிலருக்கு இதயம் முழுக்கத் திரும்புவதில்லை. அவர்களில் சிலருக்கு முன்பே இருந்து யாரும் கண்டுபிடிக்காத இதய நோய் இப்போது வெளியே வந்திருக்கும். செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு அடுத்த சில வருடங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் மற்றவர்களைவிட அதிகம் வருவது பல பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. செப்சிஸ்தான் அதற்குக் காரணமா, ஏற்கனவே உடம்பு பலவீனமானவர்களுக்கே செப்சிஸ் வருகிறதா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "இதயச் செயலிழப்பு" என்று எழுதிவிட்டால் வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் தேறி வீட்டுக்கு வந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், எந்த பிபி மருந்தும் ஊசியில் ஓடாத ஒரு சாதாரண நாளில், இன்னொரு எக்கோ எடுங்கள். ஐசியு எக்கோவின் படங்களையும் சிடியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இதய மருத்துவர்தான் அந்த மாத்திரைகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்ல வேண்டும். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.